கொல்லையில் நின்ற சர்க்கார் மரம்

வீடு மரியராஜுடையது. கொல்லை மண்ணும் அவனுடையது. கொல்லையில் நின்ற சந்தன மரம் மட்டும் மகாராஜாவின் சர்க்காருக்குச் சொந்தம். மைசூர் ராஜ்யத்தில் சந்தனம் எவன் வீட்டில் முளைத்தாலும் அப்படித்தான். ஏதோ ஒரு குருவி பழத்தைத் தின்று வேலியோரம் எச்சமிட, தானாக முளைத்தது. வன இலாகாக்காரர்கள் வந்து எண் போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டினால் குற்றம். பட்டுப்போனால், ஏன் பட்டது என்று வீட்டுக்காரன் பதில் சொல்ல வேண்டும்.

மரம் பட்டுக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும் இலைகள் மஞ்சளித்தன. பிறகு உதிர்ந்தன. நுனிக் கொம்புகள் மொட்டையாயின. மரியராஜ் காலையில் கிளம்புமுன் ஒரு முறை பார்ப்பான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். மட்கிய சாணம் போட்டான். ஊற்ற ஊற்ற உதிர்ந்தது.

அவன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வழக்கு என்று வந்தால் வேலை நிலைக்காது. அவன் குடியிருந்த நஜர்பாத்தில் அடுத்த தெருவில், மரத்தை எவனோ அறுத்துக்கொண்டு போனதற்கு வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார். அவரை மரியராஜ் தினமும் வழியில் பார்த்தான்.

இத்தனைக்கும் அந்த வருஷம்தான் அவன் மரத்தைக் கவனித்தான். மாசியில் அவன் மனைவி ஜெசிந்தா டைபாய்டில் இறந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மரத்தைச் சுற்றி அவள் செம்பருத்தியும் கருவேப்பிலையும் கனகாம்பரமும் வைத்திருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் அத்தனையையும் பிடுங்கினான். மரத்தின் சத்தை அவை உறிஞ்சுகின்றன என்று நினைத்தான். அவற்றைப் பார்க்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தம்மா வாங்கிக்கொண்டு போய்த் தன் கொல்லையில் நட்டாள். மரத்தடியில் புல்கூட இல்லாமல் செதுக்கி, வட்டமாகப் பாத்தி கட்டினான். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவன் மண்வெட்டியோடு மரத்தடியில் குழி பறித்துக்கொண்டிருந்தபோது சூசைநாதன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். கூடப் படித்தவன். இப்போது காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறான்.

“என்னடா, புதையலா?”

“கறையான் இருக்கான்னு பாக்கறேன். நீயும் பாரு. ஸ்பைக்கா இருந்தா இப்பவே சொல்லிடு.”

ஸ்பைக் என்பது அந்தக் காலத்தில் சந்தனத்துக்கு வந்த கொள்ளை நோய். இலை சிறுத்து முள்ளாக விறைக்கும். வந்த மரம் பிழைக்காது. சூசைநாதன் ஒரு கொம்பை வளைத்து இலையைத் திருப்பிப் பார்த்தான்.

“ஸ்பைக் இல்ல. பட்டினி.”

“ஒரு வண்டி சாணம் போட்டிருக்கேன்!”

“சாணத்த யாரு கேட்டா? இங்க செடிங்க இருந்துச்சே, எங்க?”

“பிடுங்கிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

சூசைநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். “சோத்துப் பானைய எடுத்துட்டு, சாப்பிடறவனுக்குக் கைகழுவ மட்டும் தண்ணி ஊத்திட்டே இருக்கியேடா!”

குழிக்குள் கைவிட்டு மெல்லிய வேர் ஒன்றைத் தூக்கினான். அதில் சட்டைப் பொத்தான்போலச் சிறு முண்டுகள். ஒவ்வொன்றும் அறுந்து செத்த செம்பருத்தி வேரைக் கவ்விக்கொண்டிருந்தது.

“இதுதான் சந்தனத்தோட வாய். இலை இருக்கு, சமையல அதுவே பண்ணிக்கும். தண்ணியும் உப்பும் பாதிக்கு மேல அடுத்த செடி வேர்லேந்துதான். துணையில்லாம நட்டா கன்னுலயே போயிடும்.”

“இவ்வளவு வாசனையான மரம் இப்படியா…”

“பூவ மோந்து பாரு, ஒண்ணும் வராது. வாசனை எல்லாம் உள்ள நடுக்கட்டை வைரத்துல. அது ஏறவே வருஷக்கணக்காகும். நீ முதல்ல துவரை போடு. அடிமரத்துலேந்து ஒரு முழம் தள்ளிச் சுத்திவர விதை. சீக்கிரம் வேர் விடும். நிழல் கட்டினா நுனிய மட்டும் கிள்ளு. இனிமே மண்ணக் கொத்தாத. அதோட வாயெல்லாம் மேல்மண்ணுலதான் இருக்கு.”

படல் திறக்கும் சத்தம் கேட்டது. வன இலாகா கார்டு மல்லப்பன் உள்ளே வந்தான். கொள்ளேகால் பக்கத்து ஆள், அப்போது அது கோயம்புத்தூர் ஜில்லா. குழியைப் பார்த்தான். மண்வெட்டியைப் பார்த்தான். சூசைநாதன் கையிலிருந்த வேரைப் பார்த்தான். சந்தனத்தில் எண்ணெய் அதிகம் வேரில்தான். திருடுகிறவர்கள் வேரோடுதான் தோண்டுவார்கள்.

“ஏனுங் வாத்தியாரே, படிச்சவீங்களே வேரத் தோண்டறீங்ளா?”

மரியராஜ் மண்வெட்டியைக் கீழே போட்டான். “மரம் வாடுதுன்னு… வேர் பக்கத்துச் செடிலேந்து உறிஞ்சுதாம். அதான் பாத்தோம்.”

“மரந்தான் திருடுதுங்கறீங். அப்ப மரத்து மேலதான் பிராது குடுக்கோணுமாக்கும்?”

சூசைநாதன் சிரித்தான். மரியராஜ் சிரிக்கவில்லை. மல்லப்பனும் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து முண்டுகளைத் தடவிப் பார்த்தான். எழுந்து பட்டையை நகத்தால் சுரண்டினான். உள்ளே பச்சை.

“உசுரு இருக்குதுங். கிறிஸ்துமஸ் கழிச்சு வாறனுங். துளுத்திருந்தா நீங்க சொன்னது நெசம். இல்லீன்னா, வேர் தோண்டுனத மேல சொல்லோணுமுங். கண்ணால பாத்தத மறைக்க முடியாதுங் பாருங்.”

அவன் போனதும் மரியராஜ் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினான். பிறகு சித்தம்மா வீட்டு வாசலில் போய் நின்றான்.

“ஏனு மாஸ்டர், குடுத்தத திருப்பிக் கேக்கறீங்களா?” என்றாள் அவள், கன்னடம் கலந்த தமிழில். விஷயத்தைக் கேட்டதும் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். “இன்னொரு வாட்டி பிடுங்கினா செத்தே போகும். பேடா, வேண்டாம். கொம்பு தர்றேன். கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டணும். இலைய உருவிட்டு ஈர மண்ணுல சொருகுங்க. தண்ணி தேங்க விடாதீங்க.”

துவரை முளைத்தது. செம்பருத்திக் கொம்புகளில் பாதி அழுகிப்போயின, மீதி துளிர்த்தன. சந்தனம் மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. கல்லறைத் திருநாளன்று மரியராஜ் ஜெசிந்தாவின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினான். ஜெபம் பாதியில் நின்றது. காற்று பலமாக அடித்தது, மிச்சக் கொம்பிலும் இலை உதிர்ந்திருக்குமே என்ற எண்ணம். வேகமாக வீட்டுக்கு நடந்தான்.

டிசம்பரில் மொட்டைக் கொம்புகளில் புள்ளி புள்ளியாகத் துளிர் வந்தது. மிகச் சின்ன இலைகள். ஸ்பைக்கிலும் இலை இப்படித்தான் சின்னதாக வரும். சூசைநாதனிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. தொட்டுப் பார்க்கவும் பயம், உதிர்ந்துவிட்டால்?

சொன்னபடியே மல்லப்பன் வந்தான். மரத்தைச் சுற்றி வந்தான். ஒரு கொம்பை இழுத்து, இலையைக் கட்டைவிரலால் மடக்கினான்.

மரியராஜ் அவன் முகத்தையே பார்த்தான்.

“வளையுதுங்.”

“அப்படின்னா?”

“ஸ்பைக்கா இருந்தா வெறச்சுக்கிட்டு நிக்குமுங். இது நல்ல இலை, பெருசாகும். மரம் இருக்குது. அவ்வளவுதானுங்.” கொம்பை விட்டுவிட்டு நடந்தான். படலருகே திரும்பினான். “தொவரங்காயப் பறிச்சுக்குங். அது சர்க்காருதில்லீங்.”

மரியராஜ் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்தான். வேட்டியில் ஈரம் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துக் கைக்கெட்டிய காய் ஒன்றைப் பறித்து, பிளந்து, பச்சையாகவே தின்றான்.