மேற்குப் பக்கத்துப் பள்ளம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. காலை நீட்டிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கூடப்பிறந்தவளை நம்பின ஒருத்தியோட கதையைச் சொல்லப்போறேன்.

அவளுக்கு அந்தக் கட்டடத்தில் ரெட்டையம்மா என்று பெயர். மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, தன் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வைக்க டேட்டா சென்டர் கட்டியது. திட்டம் போட்டதும் அவள்தான், கட்டி முடிக்கும் பொறுப்பும் அவளுடையதுதான். எத்தனையோ ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்கள் அங்கே வரப்போகின்றன. ஒரு நொடிகூட அணையக் கூடாது. அதனால் எதையும் இரண்டிரண்டாகத்தான் கேட்பாள். கரண்ட் இரண்டு வழியில், ஜெனரேட்டர் இரண்டு, குளிரூட்டும் மெஷின் இரண்டு.

“டீயும் ரெண்டு கப் வைக்கவா மேடம்? ஒண்ணு கவுந்தா இன்னொண்ணு இருக்கும்,” என்பார் எலக்ட்ரீஷியன்.

“வைங்க. ரெண்டையும் ஒரே தட்டுல மட்டும் வைக்காதீங்க,” என்பாள்.

வெளியுலகத்தோடு பேசும் கண்ணாடியிழைக் கேபிளும் இரண்டு. ஒன்று கிழக்குத் தெருவிலிருந்து, மற்றது மேற்குத் தெருவிலிருந்து. எவனாவது ரோட்டைத் தோண்டி ஒன்றை அறுத்தாலும் இன்னொன்று உயிரோடிருக்கும். பள்ளம் தோண்டிக் கேபிள் பதிக்கும் வேலை அவளுடைய அக்கா புருஷனுக்கு. சொந்தக்காரர் என்று மேலிடத்தில் சொல்லித்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். மண் மூடுவதற்கு முன், கையெழுத்துப் போடுகிறவர் பள்ளம் நெடுக நடந்து பார்க்க வேண்டும். இது அவளே எழுதிய விதி.

மூடுகிற நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

“தலை சுத்துதுடி. அவரும் இல்ல. நீ வந்து பக்கத்துல இரேன்.”

அம்மா போன பிறகு அவளுக்கு அக்காதான் எல்லாம். ஓடினாள்.

“டாக்டர்கிட்ட போகலாம்க்கா.”

“வேண்டாம்டி. நீ இருந்தா போதும்.”

பகல் முழுக்கக் கால் பிடித்துவிட்டாள். மூன்று மணிக்கு அத்தான் பள்ளத்தின் படங்களை அனுப்பினார். வேற்றாளா என்ன? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

திறப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது கேபிள்களைச் சோதித்தார்கள். ஒரு முனையில் வெளிச்சத்தை அனுப்பினால், கேபிள் எவ்வளவு நீளம் போகிறதென்று மீட்டர் சொல்லிவிடும். கிழக்குக் கேபிள் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர், சரி. மேற்குக் கேபிள் முந்நூற்று எழுபது காட்ட வேண்டும். இருநூற்றுப் பதினான்கு என்றது. வேறு மீட்டர் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் அதையே சொன்னது. அவள் வெளியே இறங்கி நடந்தாள்.

அத்தான் மேற்குச் சுவரோரம் புல் பதிக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

“அத்தான், மேற்குக் கேபிள் எங்க?”

“மண்ணுக்குள்ளதாம்மா இருக்கு.”

“எந்த மண்ணுக்குள்ள?”

அவர் செருப்பு நுனியால் புல்லைத் தட்டினார். “இந்தப் பக்கம் பூரா பாறை. உடைக்க மூணு வாரம் ஆகும். திறப்பு தள்ளிப்போனா உன் தலைதானே உருளும்? உனக்காகத்தான் ரெண்டையும் கிழக்கால விட்டேன். உனக்கு அனுப்பின படமும் அந்தப் பள்ளம்தான்.”

“எனக்காகன்னா எங்கிட்ட சொல்லியிருப்பீங்க.”

“சொன்னா நீ விட்டுடுவியா? அதனாலதான் அன்னைக்கு உங்கக்காவை...” நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அங்கேயே நின்று போன் போட்டாள்.

“அக்கா, அன்னைக்கு உனக்கு நெஜமாவே தலை சுத்துச்சா?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. “அவரு பாவம்டி. ஒரு நாள் உன்னை அங்க வரவிடாம பார்த்துக்கன்னாரு. அதுல என்ன கெட்டுப்போச்சு?”

“நான் கால் பிடிச்சுவிடும்போது தூங்கினியே, அதுவும் நடிப்பா?”

“இல்லடி. நல்ல தூக்கம்.”

அந்தப் பதில்தான் அவளை அதிகமாகச் சுட்டது.

“கையெழுத்து உன்னோடதுடி,” என்றாள் அக்கா. “வாயைத் திறந்தா நீதான் மாட்டுவ. பேசாம இரு.”

அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

“மேற்குல பள்ளமே தோண்டல சார். நான் போய்ப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“நீங்களா?” அவருக்கு நம்ப முடியவில்லை. “ஏன்?”

“வீட்டுல உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க.”

அதற்கு மேல் அக்காவை அவள் இழுக்கவில்லை.

திறப்பு தள்ளிப்போனது. அத்தானை அனுப்பிவிட்டார்கள். அவளைப் பொறுப்பிலிருந்து இறக்கி, நேற்று வந்த ஒருவருக்குக் கீழே போட்டார்கள். பள்ளத்தைப் பார்க்கும் வேலை மட்டும் அவளிடமே இருந்தது. பாறை உடைக்கும் மெஷின் வந்தது. இருபத்திரண்டாம் நாள், தலைமுதல் கால்வரை புழுதியோடு அவள் அந்தப் பள்ளம் நெடுக நடந்து முடித்தபோது போன் அடித்தது.

“அவருக்கு இப்ப எங்கயும் வேலை இல்ல,” என்றாள் அக்கா. “இனிமே என் வாசப்படி மிதிக்காதே.”

“சரிக்கா. உடம்பைப் பார்த்துக்க.”

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பள்ளத்துக்குள் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடச் சொன்னாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுல உங்களை வான்னு கூப்பிடறவங்க ஆசையாவே கூப்பிடட்டும். நீங்க நம்பினவங்க உங்க முகத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லட்டும். பிள்ளைகுட்டிகளோட மனசு நெறஞ்சு இருங்க.