இரண்டு வரிசைப் புருவம்

நூலக்கா தலைமையாசிரியையின் இடது புருவத்தைக் கெடுத்தது ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் அவளுடைய நாத்தனார். அந்தக் கணத்தில்தான் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சீக்கிரம் முடிம்மா, மேடத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் இருக்கு" என்றாள்.

நூலக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை விரல்களில் முறுக்கி அவள் த்ரெட்டிங் செய்யும் வேகத்தில், வலிக்கிறது என்று கத்த வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பதினோரு வருஷமாகப் பார்லர் நடத்துகிறாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய அக்கா, அதாவது நாத்தனார், மாடியில் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. "எங்க வீட்டுப் பொண்ணு கை வச்சா புருவம் வரைஞ்ச மாதிரி இருக்கும் மேடம்" என்று சொல்லித் தன் தலைமையாசிரியையை அழைத்து வந்ததே அவள்தான்.

நூலக்காவுக்கு அன்றைக்குத் தலைமையாசிரியையின் புருவம் இரண்டு வரிசையாகத் தெரிந்தது. மேலே ஒன்று, அதற்குக் கீழே கொஞ்சம் வெளிறிப்போய் இன்னொன்று. இது புதிதில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எல்லாப் பொருளும் நிழலோடுதான் வந்தன. தெருவிளக்குக்கு வால் முளைத்தது. குழாயில் மூன்று தாரை கொட்டியது. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வருஷத்தில் நான்கு தடவை பவரை மாற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் "உங்க மூக்கு ஒரு பக்கம் இறங்கியிருக்கு, அதான் ஃப்ரேம் நிக்க மாட்டேங்குது" என்று பழியை மூக்கின் மேல் போட்டார்.

கீழே இருப்பது வேண்டாத முடி என்று நினைத்து நூலக்கா அடிப்பக்கத்தை இழுத்தாள். நிழல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அப்போதும் போகவில்லை. கடைசியில் அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது, இடது புருவம் நெற்றியின் பாதி உயரத்துக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியை கண்ணாடியில் பார்த்தார். முகத்தின் வலது பாதி வழக்கம்போல் கடுகடுவென்றிருந்தது. இடது பாதி, "அப்படியா?" என்று கேட்டது.

அவர் எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

"திங்கக்கிழமை நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறது?" என்று நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, மேடத்துக்கு நிஜமாவே ரெண்டு வரிசை இருந்துச்சு."

"இது எத்தனை?" நாத்தனார் ஒரு விரலை நீட்டினாள்.

நூலக்கா உற்றுப் பார்த்தாள். "ரெண்டு... இல்ல, ரெண்டரை."

அரை விரல் எங்கிருந்து வந்தது என்று கேட்க நாத்தனார் நிற்கவில்லை. அன்று மாலையே கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கணவனும் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தான்.

அங்கே ஒரு கருவியில் முகவாயை வைக்கச் சொல்லிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். திரையில் வட்டமாக ஒரு படம் வந்தது. ஓரமெல்லாம் நீலமும் பச்சையும். நடுவில், சற்றுக் கீழே, ரத்தச் சிவப்பு. மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி, அவசரமே படாதவர்.

"கருவிழி பந்து மாதிரி உருண்டையா இருக்கணும்" என்றார். "உங்களுக்கு அது மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வருது, அந்தச் சிவப்பு இடம்தான். அதனாலதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது. வலது கண்ணுல அதிகம், இடதுல இப்பதான் ஆரம்பம். பேரு கெரட்டோகோனஸ்."

கணவன் படத்தை நெருங்கிப் பார்த்தான். "லிஃப்ட் கதவு இந்த மாதிரி புடைச்சுக்கிட்டா நாங்க உள்பக்கமா தட்டிச் சரி பண்ணிடுவோம் டாக்டர்."

"இங்க தட்ட வேண்டாம்" என்றார் மருத்துவர். பிறகு நூலக்காவிடம், "கண்ணைக் கசக்குவீங்களா?" என்று கேட்டார்.

"எப்பவாவது" என்று நூலக்கா சொல்லும்போதே வலது கை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. பவுடர் பறக்கிற வேலை. பதினோரு வருஷமாகக் கண் அரிக்கிறது, பதினோரு வருஷமாகக் கசக்குகிறாள்.

"முதல்ல அதை நிறுத்துங்க. கசக்கக் கசக்க இன்னும் மெலியும். அரிப்புக்குச் சொட்டு மருந்து தரேன். உங்க பழைய கண்ணாடிச் சீட்டுங்களைப் பார்த்தா இது வேகமாப் போய்க்கிட்டிருக்கு. அதனால வலது கண்ணுக்கு ஒரு சிகிச்சை பண்ணணும். கருவிழிக்குள்ள இருக்கிற நாருங்க தளர்ந்திருக்கு. வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டினா, நாருக்கு நாரு பிணைஞ்சு கெட்டிப்படும்."

"நூலுக்கு முறுக்கு ஏத்துற மாதிரி" என்றாள் நூலக்கா.

"அதேதான். ஆனா போன பார்வை இதுல திரும்பி வராது. இருக்கிறது நிக்கும். தெளிவாத் தெரியறதுக்கு அப்புறமா தனி லென்ஸ் இருக்கு."

நூலக்கா தன் விரல்களை விரித்துக் காட்டினாள். "என் தொழில்?"

"லென்ஸ் பொருந்திடுச்சுன்னா பண்ணலாம். அதுவரைக்கும் யார் முகத்துலயும் கை வைக்காதீங்க."

திரும்பும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அந்தக் குடும்பம் அதற்கு முன் பார்த்ததில்லை. கணவன் பயந்துபோய் வழியெல்லாம் தானே பேசினான், அதுவும் லிஃப்ட்டைப் பற்றி.

மறுநாளிலிருந்து நாத்தனார் களத்தில் இறங்கினாள். பள்ளி விசிலை மாடியிலிருந்து எடுத்துவந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நூலக்காவின் கை கண்ணுக்குப் பக்கத்தில் போனால் ஒரு விசில். கண்ணைத் தொட்டுவிட்டால் நீண்ட விசில். முதல் நாள் முப்பத்தெட்டு தடவை ஊதினாள். பக்கத்து வீட்டுக்காரர் பயிற்சிக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் நூலக்கா மூக்கைச் சொறியப் போனதற்கும் ஊதினாள்.

"அண்ணி, இது மூக்கு!"

"மூக்குல ஆரம்பிச்சு எங்க போகும்னு எனக்குத் தெரியும்."

ஒரு வாரத்தில் விசில் ஐந்தாகக் குறைந்தது. மூன்றாம் வாரம் நூலக்காவின் கை தானாகவே பாதி வழியில் நின்று, கொஞ்சம் யோசித்து, தலைமுடியைக் கோதிவிட்டுத் திரும்பியது.

சிகிச்சை நாளன்று மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமை மூடாமலிருக்க ஒரு கம்பியை மாட்டினார்கள். முகமூடிக்கு மேல் மருத்துவரின் புருவம் மட்டும்தான் தெரிந்தது.

"டாக்டர், உங்களுக்கு நாலு புருவம் தெரியுது" என்றாள் நூலக்கா. "எது நிஜம்னு தெரிஞ்சதும் நான் சரி பண்ணித் தரேன்."

"பேசினா தலை ஆடும். பேசாதீங்க."

கருவிழியின் மேல்தோலை மெல்ல எடுத்துவிட்டு மஞ்சள் நிறச் சொட்டை விட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு நீல ஒளி. அசையாமல் அதையே பார்க்க வேண்டும். வலி இல்லை. ஆனால் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் படுத்திருப்பதுதான் தாங்க முடியவில்லை என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

வலி அன்று மாலை வந்தது. கண்ணுக்குள் மணலைக் கொட்டிவிட்டுக் காலால் மிதிப்பதுபோல் இருந்தது. நான்கு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரை இழுத்த அறையில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அம்மா திரை இடுக்கு வழியாக இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, நூலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழ ஆரம்பித்தார். துணைக்கு ஒருவர் அழும்போது நிறுத்தச் சொல்ல நூலக்காவுக்கு மனசு வரவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, யாரும்மா போனது?" என்று கேட்டார்.

"யாரும் போகலைங்க" என்றான் கணவன். "கருவிழிக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்காங்க. காயணும்."

அழுதது வீணாகப் போன வருத்தத்தில் அவர் எழுந்து போனார்.

கண் ஆறிச் சில மாதம் கழித்து லென்ஸ் வந்தது. சாதாரண லென்ஸ் இல்லை; சட்டைப் பொத்தான் அளவுக்குப் பெரியது, கெட்டியானது. கருவிழியைத் தொடாமல் அதற்கு மேல் கவிழ்ந்து, வெள்ளைவிழியில் உட்காரும். உள்ளே உப்புநீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி, குட்டி ரப்பர் கிண்ணத்தின் மேல் வைத்து, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்துப் போட வேண்டும். ஒரு காற்றுக்குமிழி உள்ளே போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மருத்துவமனையில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கண்ணில் இரண்டு நிமிஷத்தில் போட்டுக் காட்டினார். வீட்டில் முதல் நாள் ஐம்பத்தைந்து நிமிஷம் போராடினாள். இமை திறந்தால் கை நடுங்கியது, கை நின்றால் இமை மூடியது. குமிழி இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் எதையும் அடியிலிருந்து பார்த்தே பழகியவன். டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜை மேல் மல்லாந்து அவள் முகத்துக்குக் கீழே படுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் இறக்கு. இன்னும் இறக்கு. நிறுத்து!" என்று அவன் வாயைத் திறந்தபோது கிண்ணம் சாய்ந்து உப்புநீர் முழுக்க உள்ளே போனது.

"லென்ஸ் எங்கங்க?"

அவன் வாயை மூடாமல் கையால் சைகை காட்டினான். லென்ஸ் அவனுடைய நாக்கின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டு, அதற்குரிய மருந்தில் கழுவி, சொன்ன நேரம் வரை ஊறவைத்து மறுநாள்தான் போட்டார்கள்.

மறுநாள் லென்ஸ் சரியாக உட்கார்ந்தது. நூலக்கா நிமிர்ந்தாள். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, ஒன்றே ஒன்று. அதில் முள் இரண்டுதான். கணவன் டார்ச்சோடு நின்றிருந்தான். அவள் அவனை வெகு நேரம் பார்த்தாள்.

"என்னங்க, உங்களுக்கு ஒரே ஒரு மூக்குதான் இருக்கு."

"எனக்கு எப்பவும் ஒண்ணுதான்."

"நல்லா இருக்கு" என்றாள். ஆனால் அடுத்த நிமிஷமே அவள் பார்வை அவன் காதுக்குப் போய்விட்டது. "இது என்னங்க, காதுக்குள்ள இவ்வளவு முடி? உக்காருங்க இப்படி." அவள் நூல் கண்டை எடுப்பதற்குள் அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். அன்று அவனுக்கு விடுமுறை.

மருத்துவர் சரி என்றதும் பார்லரைத் திறந்தாள். முதல் நாளே தலைமையாசிரியை வந்து நின்றார். நூலக்கா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"மேடம், அன்னைக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. மன்னிச்சுக்கோங்க."

"அதை விடுங்க" என்றார் அவர். "அந்தப் புருவம் இருந்தப்ப ஒரு பையன் லேட்டா வந்ததுக்கு வயித்துவலின்னு சொன்னான். நான் சும்மாதான் பார்த்தேன். நான் நம்பலைன்னு நினைச்சு, போன வருஷம் ஜன்னலை உடைச்சது வரைக்கும் எல்லாத்தையும் ஒப்புக்கிட்டான். டீச்சர்ங்க கூட லீவுக்கு உண்மையான காரணம் சொன்னாங்க. இப்ப முடி வளர்ந்து பழையபடி ஆயிடுச்சு. எல்லாரும் மறுபடி புளுக ஆரம்பிச்சிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "இடது பக்கம் மட்டும். அதே மாதிரி."

நூலக்கா நூலைப் பல்லில் கடித்தாள். கை வரவில்லை. தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்வது லேசான காரியமாக இல்லை. நான்கு தடவை அளவு பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு இழுத்தாள். தலைமையாசிரியை கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்" என்றார்.

சிகிச்சை முடிந்த ஆறாம் மாதம் மறுபடி கண்ணைப் படம் எடுத்தார்கள். சிவப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நூலளவும் பரவவில்லை. இடது கண்ணைப் பரிசோதனைக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், லென்ஸ் இனி தினசரி வேலை, கையைக் கண்ணில் வைக்கக் கூடாது என்று மருத்துவர் மறுபடியும் சொன்னார்.

அன்று கணவனோடு திரும்பும்போது நூலக்கா பார்லருக்கு எதிர்ப்பக்கம் நின்று தன் கடையை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். மேலே பச்சை எழுத்தில் பெரிய பலகை. இரண்டு வருஷத்துக்கு முன் கணவன் ஆசையாகத் தானே எழுதச் சொல்லி மாட்டியது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"என்னங்க."

"ம்."

"அழகு நிலையம்னுதானே எழுதச் சொன்னீங்க?"

"ஆமா."

"அங்க அழுகு நிலையம்னு இருக்கு."

கணவன் செருப்பைப் பார்த்தான். "மாட்டின அன்னைக்கே பார்த்தேன். நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றதுன்னு..."

"ரெண்டு வருஷமா! ஒருத்தர் கூடவா சொல்லல?"

"உன் பல்லுல நூலு இருக்கறப்ப யாருக்குச் சொல்லத் தைரியம் வரும்?"

நூலக்கா நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, பலகையைப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை கணவன் ஏணி போட்டு ஏறி, தகடு சுரண்டும் உளியால் 'ழு'வின் சுழியைச் சுரண்டினான். நூலக்கா கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... அந்த ஓரத்துல ஒரு பொட்டுப் பச்சை ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள். அவன் ஏணியிலிருந்து உற்றுப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.