ஒரே நிறத்தில் ஐந்து கூட்டங்கள்

பழமலைநாதன் பிஎச்.டி.க்குப் பதிந்துகொண்டபோது அவருக்கு நாற்பது வயது. விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பதினான்கு வருடமாக இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

சென்னையில் இருந்த அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் மாணிக்கவேல், ஒரு சி.டி. கொடுத்தனுப்பினார். அமெரிக்காவில் ஒரு தொலைநோக்கி வானத்தைப் பட்டை பட்டையாகப் படம் எடுக்க, அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் கேலக்ஸிகள் என்னும் விண்மீன் மண்டலங்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும் இடங்களை ஒரு புரோகிராம் தேடிப் பட்டியல் போட்டிருந்தது. சி.டி.யில் இருந்தது அந்தப் பட்டியல், அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். ஆனால் புரோகிராம் ஏமாறும். பளிச்சென்ற நட்சத்திரத்தின் ஒளிவட்டத்தைக் கூட்டம் என்று சொல்லும். கிட்டத்தில் இருக்கும் ஒற்றைக் கேலக்ஸியைத் துண்டு துண்டாக எண்ணிவிட்டு அதையும் கூட்டம் என்று சொல்லும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பொய்களைக் கழிக்க வேண்டும். பட்டத்துக்கு அதுதான் வேலை.

படங்களை இணையத்தில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் இணையம் இல்லை. 2004-ல் அதெல்லாம் ஜங்ஷன் ரோட்டில் ஜெனிபரின் பிரவுசிங் சென்டரில்தான். நான்கு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர். அவள் கணவன் ஆன்றோ செராமிக் கம்பெனி ஒன்றில் சூளையில் வேலை பார்த்தான். கடையை அவள் ஒருத்தியே நடத்தினாள். பழமலைநாதன் ஐந்தாறு நாள் போய் உட்கார்ந்தார். நாற்பது படம் பார்ப்பதற்குள் எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். இதற்குள் கல்லூரியில் விடைத்தாள் திருத்தப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு வர முடியாது என்று அவர் சொல்ல, மத்தியானத்தில் கடையில் ஆளே இருப்பதில்லை, என்ன பார்க்க வேண்டும் என்று சொன்னால் தான் பார்த்துவைப்பதாக ஜெனிபர் சொன்னாள். அரைமணி நேரம் விளக்கினார். தூரத்தில் இருக்கும் கூட்டம் அதிகச் சிவப்பாகத் தெரியும், ஒரே தூரத்தில் இருப்பவை ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும் என்பதையும் சொல்லிவைத்தார்.

திரும்பி வந்தபோது ஒரு நீள நோட்டில் நூற்றெழுபது இடங்களுக்குக் குறிப்பு எழுதிவைத்திருந்தாள். 'நட்சத்திர வெளிச்சம், தள்ளு.' 'ஒரே கேலக்ஸி, மூணா ஒடைச்சு எண்ணியிருக்குது.' 'முன்னால ஒரு கூட்டம், பின்னால ஒரு கூட்டம், ரெண்டு.' அவள் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முதல் ஐம்பதைச் சரிபார்த்தார். இரண்டில் அவரும் அவளும் வேறுபட்டார்கள். இரண்டிலும் அவள் சொன்னதுதான் சரி. அதன் பிறகு அவர் சரிபார்க்கவில்லை. பட்டியல் முழுவதையும் அவளே பார்த்து முடித்தாள்.

ஐந்தாறு வாரம் கழித்து, அவர் கடைக்குள் நுழைந்ததும் ஐந்து பிரிண்ட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

"சார், இந்த அஞ்சும் ஒரே கலரா இருக்குது பாருங்க. லிஸ்ட்டுல வேற எங்கயும் இந்தக் கலரு இல்ல. அஞ்சும் பக்கத்துப் பக்கத்துல இருக்குது, கோடு போட்ட மாதிரி."

பிரிண்டர் மையை நம்பக் கூடாது என்றார் அவர். இல்லை, திரையிலும் பார்த்துவிட்டேன் என்றாள். சும்மா தற்செயலாக அமைந்திருக்கும் என்றார்.

"தூரத்த அளந்த கணக்கு வேற ஃபைல்ல இருக்குதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அதுல பாத்துடலாமே."

பார்த்தார். நிறமாலையை வைத்து அளந்த தூரம் ஐந்துக்கும் ஒன்றுபோல இருந்தது. கேலக்ஸிக் கூட்டங்கள் வானத்தில் சிதறிக் கிடப்பதில்லை, நீண்ட இழைகளில் கோத்துக் கிடக்கின்றன என்று அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார். அந்த இழைகளில் ஒன்றின் துண்டு, யாரும் குறித்துவைக்காத ஒன்று, அந்த மேசைமேல் கிடந்தது.

அன்றைக்கே அந்தக் கடையிலிருந்தே மாணிக்கவேலுக்கு போன் செய்தார். பேராசிரியர் அவரை எப்போதும் 'லேட்டாக வந்த ஆள்' என்றுதான் நடத்துவார். அன்றைக்கு அவர் குரலே மாறியது. 'எப்படிக் கண்டுபிடிச்சே? நீயே படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சதா?' என்று கேட்டார். ஜெனிபர் வெளியே யாரோ ஒருவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம் சார்" என்றார் பழமலைநாதன்.

அவ்வளவுதான் அவர் செய்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. மறுவாரம் திருத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுவாரம் பேராசிரியர் அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டிருந்தார். பிறகு ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியாயிற்று. பிறகு அதுவே ஆய்வேட்டில் நான்காவது அத்தியாயம் ஆயிற்று.

ஆய்வேட்டை டைப் அடித்தது ஜெனிபர்தான். 'படங்கள் அனைத்தும் ஆய்வாளரால் நேரில் பார்வையிடப்பட்டன' என்ற ஆங்கில வாக்கியத்தையும் அவள்தான் அடித்தாள். கடைசியாக நன்றியுரை. பேராசிரியர், கல்லூரி முதல்வர், மனைவி அம்புஜவல்லி, காலஞ்சென்ற அப்பா, அம்மா. அடித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் இவ்ளோதானா சார்?"

"இவ்ளோதாம்மா" என்றார்.

சரி என்று பிரிண்ட் கொடுத்தாள்.

வீட்டில் அம்புஜவல்லி பக்கங்களைப் புரட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் பேரைக் காணோமே என்று கேட்டாள். வெளியாள் பார்த்தது என்று தெரிந்தால் பட்டத்துக்கே சிக்கல் வரும் என்று அவர் விளக்கினார். அவள் ஆய்வேட்டை மூடி டிவி மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

2006-ல் டாக்டர் பட்டம் வந்தது. ஜெனிபருக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தார். வாழ்த்துச் சொன்னாள். அதோடு அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கினார். ஜங்ஷன் ரோட்டில் போக வேண்டி வந்தால் கடைக்கு எதிர்ப்பக்க ஓரமாக வண்டியை ஓட்டிப் போவார்.

2009-ல் புனேயில் ஓர் ஆய்வுக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக ஒரு பெரிய வான அளவெடுப்பு நடக்கப்போகிறது, கூட்டங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஆள் வேண்டும், உங்கள் பட்டியலைப் பிந்தைய அளவுகளோடு ஒப்பிட்டோம், இத்தனை துல்லியமான கண்ணை நாங்கள் பார்த்ததில்லை, மூன்று மாதம் வந்து இருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கல்லூரியில் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். போகாமல் இருக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

புனேயில் முதல்நாள், விடை தெரிந்த இருநூறு படங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நூற்றுப் பதினெட்டுத்தான் சரி. கூட இருந்த மாணவர்கள் நூற்றைம்பதுக்கு மேல் எடுத்திருந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த அம்மாள், ரயில் களைப்பாக இருக்கும், நாளைக்குப் பாருங்கள் என்றார். மறுநாள் இன்னும் குறைந்தது. சர்க்கரை வியாதியால் கண் மங்கிவிட்டது என்று பழமலைநாதன் சொன்னார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. அந்த அம்மாள் இரக்கத்தோடு தலையசைத்தார். அந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் ரயில் ஏறிவிட்டார்.

ஊர் வந்ததும் நேரே ஜங்ஷன் ரோட்டுக்குப் போனார். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. ஆன்றோவுக்குத் திட்டக்குடியில் லைன்மேன் வேலை கிடைத்துக் குடும்பமே அங்கே போய்விட்டது, அந்தப் பெண் அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள் என்றார் கடைக்காரர். மறுநாள் திட்டக்குடி பஸ் பிடித்தார்.

ஜெனிபர் அவரைப் பார்த்து எழுந்து நின்றாள். அம்புஜவல்லியை விசாரித்தாள், டீ வாங்கிவரச் சொன்னாள். அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போனில் சொன்ன பொய்யை, புனேயில் பட்ட அவமானத்தை, சர்க்கரை என்று சொன்ன இரண்டாவது பொய்யை.

"பேரு போடலன்னு எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா அது பொய்யி சார்" என்றாள் கடைசியில். "ஆனா அது கொஞ்ச நாள்ல போயிடுச்சு. அதுக்கப்பறம் நீங்க வேற லிஸ்ட்டே கொண்டாரல. அந்த வருத்தந்தான் போகல. எப்பனா வருவீங்கன்னு ஒரு வருசம் ஓரத்துல இருந்த கம்ப்யூட்டர யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன். நானா வந்து கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன்மேல் கோபமாக இருப்பாள் என்று பயந்துதான் இத்தனை வருடம் ஒளிந்தார். அவள் புதுப் படங்களுக்காகக் காத்திருப்பாள் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

"புனேக்கு எழுதட்டுமா? பார்த்ததெல்லாம் நீதான்னு எழுதறேன். கூப்புட்டா போவியா?"

யோசித்தாள். பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வார், ஆன்றோ வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "எழுதுங்க சார்" என்றாள்.

அன்று மாலையே இரண்டு கடிதம் எழுதினார், புனேக்கு ஒன்று, மாணிக்கவேலுக்கு ஒன்று. மாணிக்கவேல் பதில் போடவில்லை, போனையும் எடுக்கவில்லை. புனேயிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கட்டுரையில் திருத்தம் போட இதழுக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர் திரும்பிப் போனதும் அந்த இடத்துக்கு வேறு இருவரை எடுத்துவிட்டார்கள். அளவெடுப்பு இனிப் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே நடக்கும், புதிதாக ஆள் எடுக்கப்போவதில்லை. அந்தப் பெண்மணியை நாங்கள் ஐந்து வருடத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

திட்டக்குடிக்கு நேரில் போய்ச் சொல்லத்தான் நினைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்படியே போயிற்று. மூன்றாவது வாரம் போன் செய்து சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் வேறு யாரோ அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சரிங்க சார்" என்றாள். "பரவால்ல. ஆபீசுல கூப்புடுறாங்க, வெச்சிடுறேன்."

அடுத்த வருடம் அந்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வந்தது, ஜெனிபர் ஆன்றோ என்ற பெயரோடு. ஒரு பிரதி எடுத்து அவளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை வந்தது. அதில் ஆன்றோவின் கையெழுத்து இருந்தது.