பேசாத பிள்ளைகள்

தையல் சிஸ்டருக்கு ஒரே பிடிவாதம்: வேலை நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கன்னியர் மடத்தில் பாத்திரம் கழுவும்போதுகூட மௌனம் காத்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தைத் தையல் வகுப்புக்கும் கொண்டுவந்துவிட்டார். காட்டு வேலையும் பட்டினியும் மட்டுமே தெரிந்த கிராமத்துப் பெண்களுக்கு மிஷின் பழக்கி, கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்த்துவிடுவது மடத்தின் வேலை. சேர்ந்த பிள்ளைகளின் வீட்டில் தினமும் அடுப்பு எரிந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

வாயாடி என்று ஒருத்தி இருந்தாள். அவள் ஆரம்பித்தால் மிஷின் சத்தமே காதில் விழாது. சிஸ்டர் அவளை மூலையில் தனியாக உட்காரவைத்து, முறைத்து, கெஞ்சி, ஒருவழியாக அடக்கி, கம்பெனிக்கும் அனுப்பிவைத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது அவள் தங்கையும் பயிற்சி முடித்துவிட்டாள். அதே கம்பெனியில் சேர்த்துவிட சிஸ்டரே கூட்டிப் போனார்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "உங்க பிள்ளைங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவோம் சிஸ்டர். ஒரு சத்தம் வராது."

வாயாடி தையல் கூடத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, இடது கையால் தட்டுத்தடுமாறி நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

சிஸ்டர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "என்னம்மா இது?"

"ஊசி ஏறி உள்ளேயே முறிஞ்சுடுச்சு சிஸ்டர். துணியைச் சுத்திக்கிட்டுத் தெச்சேன். சீழ் வெச்சுடுச்சு, எடுத்துட்டாங்க."

"பக்கத்துல இருந்தவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"வேலை நேரம் சிஸ்டர்," என்றாள் வாயாடி, குரலைத் தாழ்த்தி.

குத்திக்காட்டச் சொல்லியிருந்தாலாவது தேவலை. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். சிஸ்டருக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. சட்டென்று தங்கையின் கையைப் பிடித்தார்.

"வா, போயிடலாம். உனக்கு வேற இடம் பார்க்கறேன்."

வேறு இடம் எதுவும் இல்லை. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அக்கா மிஷின்ல நான் உட்காரணும் சிஸ்டர். இல்லன்னா அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"அப்போ விரல் போனது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல? தினமும் என் கண்ணு முன்னாடிதானே உட்கார்ந்திருந்த!"

தங்கை அக்காவின் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, நூலைக் கோத்து, துணியை இழுத்துக்கொண்டாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி முதுகை நேராக வைத்திருந்தாள்.

சிஸ்டருக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "வலிச்சா கத்துங்கடி! கேக்குதா? வேலையைப் போட்டுட்டுக் கத்துங்க!" என்று கூடமே அதிர அலறினார்.

மேனேஜர் பதறிப்போய்த் திரும்பினார். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் சிஸ்டரிடம் படித்த பிள்ளைகள். ஒருத்திகூடத் தலை நிமிரவில்லை.