செவ்வாய், வெள்ளி சைவம்

வலது தோள்பட்டை கழன்று தனியாகத் தொங்குவதுபோல் வலித்தது சுடலைமாடத்திக்கு. பகலெல்லாம் காங்கிரீட் சட்டி கைமாற்றிய தோள். ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடை ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டறை வாடகை வீடு. வந்ததும் வராததுமாக அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். இன்றைக்குச் செவ்வாயா, புதனா?

புதன் என்றால் கையில் இருக்கும் சாளை மீனை உடனே கழுவலாம். செவ்வாய் என்றால் அதை யாருக்காவது தூக்கிக் கொடுத்தாக வேண்டும்.

"ஏ வேணி, இன்னைக்கி என்ன கெழம மக்களே?"

"புதன், அத்தை."

பெருமூச்சு விட்டபடி மீனைச் சட்டியில் கொட்டினாள்.

முன்பெல்லாம் இந்த வீட்டில் கிழமை பார்த்து உலை வைத்ததில்லை. மீன் கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் ரசம். ஓட்டலில் சப்ளையராக இருக்கும் மகன் பிரஜின், வலியசாலையிலிருந்து கிருஷ்ணவேணியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்ததிலிருந்துதான் எல்லாம் மாறியது. வேணியின் வீட்டார் முட்டையைக்கூட வாசலில் நிறுத்துகிற சைவப் பிள்ளைமார். இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அங்கிருந்து ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேணியின் அம்மா மட்டும் ஒருநாள் காய்கறிச் சந்தையில் எதிர்ப்பட்டு, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"எம்பொண்ணு ஒங்க வீட்டுச் சோத்த எத்தன நாளு தின்னுருவா? வயிறு ஒட்டினா தன்னால வருவா. நான் கதவத் தொறந்துதான் வச்சிருக்கேன்."

அந்தப் பேச்சு சுடலைமாடத்தியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. பெண் வயிறார உண்ணாவிட்டால் மகனின் குடித்தனம் போய்விடும். அன்று ராத்திரியே வாரத்தைப் பிரித்துப் போட்டாள். செவ்வாயும் வெள்ளியும் வீடு முழுக்கச் சைவம். புதனும் சனியும் மீன், ஞாயிறு கோழி. அந்த நாட்களில் வேணிக்கு மட்டும் மோர்க்குழம்போ தேங்காய்த் துருவல் போட்ட தோரனோ தனியாக வைத்துவிடலாம். மிச்ச இரண்டு நாளும் முட்டை என்றதும் சுடலைமாடத்தியின் புருஷன் செல்வமணி குறுக்கே விழுந்தான்.

"முட்ட சைவம்லா? அதுக்கு என்ன கையா, காலா? செவ்வா, வெள்ளிக்கும் அதையே வையி."

"நீரு சும்ம கெடயும். அந்தப் பிள்ள தொடாது."

புதுப் பாத்திரம் வாங்கினாள். சைவக் கரண்டி அடையாளம் தெரிய, வேலை செய்யுமிடத்திலிருந்து கட்டுக்கம்பி கொண்டுவந்து காம்பில் முறுக்கி வைத்தாள். இடது அடுப்பு சைவம், வலது அடுப்பு மற்றது. இரண்டும் கலந்துவிடக் கூடாதென்று தானே நின்று பரிமாறினாள்.

இத்தனைக்குப் பிறகும் பெண் மெலிந்துகொண்டே போனாள். அதில்கூடச் சுடலைமாடத்திக்கு ஆச்சரியமில்லை. மண்டை காய்ந்தது வேறு விஷயத்தில். செவ்வாய், வெள்ளியில் பருப்பும் பப்படமும் அவியலுமாக விருந்துபோல் வைத்தால், வேணி ஒரு கை அள்ளிவிட்டு "மதி அத்தை, போதும்" என்று எழுந்துவிடுகிறாள். மீன் மணக்கிற புதன்கிழமையிலோ வெறும் மோர்க்குழம்பை ஊற்றி இரண்டாம் முறையும் சோறு கேட்கிறாள். இதென்ன கூத்து?

கூட வேலை பார்க்கும் தாசம்மாளிடம் சொன்னாள்.

"மீன் வாடைதான், வேறென்ன? அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொமட்டாதா?"

"மீன் வைக்கிற அன்னைக்கித்தான்ளா நல்லா திங்கா!"

"அப்போ ஒம் மருமவ ஒளிச்சு மீன் திங்கா. போய்ச் சட்டியப் பாரு." தாசம்மாள் சிரித்துச் சிரித்துச் சிமெண்டுப் பொடியில் தும்மினாள்.

வெட்கத்தைவிட்டுச் சட்டியையும் பார்த்தாயிற்று. மீன் வைத்தது வைத்தபடி இருந்தது. தன் சைவச் சமையல்தான் வாய்க்கு ருசிக்கவில்லையோ? அப்படியென்றால் மோர்க்குழம்பு மட்டும் எப்படி இறங்குகிறது? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாத கோபத்தில் ஒரே வெட்டாக வெட்டினாள். இனி ஏழு நாளும் சைவம்.

"நான் என்ன மாடாளா?" என்றான் செல்வமணி. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தான். மூட்டை இறக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்காகவே வாரத்தைத் தள்ளுகிறவன். சாம்பாரைப் பிசைந்தபடி பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். பிரஜின் தலை நிமிராமல் விழுங்கினான். நடுவில் வேணி. அவள் தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"ஏன் மக்களே, உப்பு காணாதா?" கம்பி சுற்றிய கரண்டியோடு குனிந்தாள் சுடலைமாடத்தி.

வேணியின் கண்ணீர் சாம்பாரில் விழுந்தது.

"நாளைக்காவது மீன் வாங்குங்க அத்தை."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீ... திங்கியா?" என்றான் பிரஜின்.

"எனக்கு எதுக்கு? நீங்க தின்னணும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பின்னே என்ன? சைவம் வச்சா மூணு பேரும் என் தட்டையே பாக்கீங்க. மாமா பப்படத்த நொறுக்கிட்டு என்னையப் பாக்காங்க. இவரு பாக்காரு. நீங்க கரண்டியோட தலைக்கு மேல நிக்கீங்க. என்னால எல்லாரும் பட்டினி கெடக்குத மாதிரி இருக்கு. சோறு எறங்கவே மாட்டேங்கு. மீன் வச்சா அவங்கவங்களுக்கு அவங்கவங்க முள்ளு. என்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நானும் நிம்மதியாத் திங்கேன்."

செல்வமணிக்கு இதில் பாதி புரிந்தது. தேவையான பாதி. "கேட்டியாளா?" என்று எழுந்தவன், கையைக் கழுவிவிட்டு நேரே கோழிக்கடைக்கு நடந்தான்.

சுடலைமாடத்திக்கோ முன்னைவிட இப்போதுதான் குழப்பம் கூடியது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் பிள்ளையின் தொண்டையை அடைத்ததா? பார்க்காமல் விட்டாலா பெண் தின்னும்? அப்படி ஒரு வளர்ப்பை அவள் கண்டதில்லை. என்றாலும் கோழி கொதித்த பிறகு, பழைய சாம்பாரையே ஊற்றிக்கொண்டு வேணி வழித்துத் தின்றதைக் கண்ணால் கண்டாள். உடனே முகத்தைத் திருப்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு அத்தை," என்றாள் வேணி, கையை நக்கியபடி. "நான் வந்ததுல இருந்து நீங்க ஒருநாளு எங்ககூட உக்காந்து தின்னு நான் பாக்கல."

"எப்படிளா உக்கார? கோழியத் தொட்ட கையால ஒன் கரண்டியப் பிடிக்கப்படாதுல்லா?"

"அப்போ எம்பக்கம் உக்காந்து சாம்பார் ஊத்துங்க."

"அப்போ இவங்களுக்குக் கோழி யாரு வெளம்ப?"

"அவங்களுக்குக் கையில்லையா?"

பிரஜின் சிரித்தான். செல்வமணி தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சாறு கேட்டான். சுடலைமாடத்தி ஊற்றினாள். "செவ்வாய்க்கெழம உக்காருதேன்" என்று வாக்குக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை பழையபடி சைவமா, மீனா என்று வீட்டில் ஒரு முடிவு வரவில்லை. எந்தக் கரண்டியைப் பிடிப்பது என்று தெரியாமல் அன்றும் நின்றுகொண்டே பரிமாறினாள். புதனும் அப்படியே போனது. வேணியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு. மருமகளுக்கு அவள் கொடுக்க வேண்டிய அந்தக் கடன் இன்னும் பாக்கி.