சுவரைத் தொடாத மாடிப்படி

வரைபடத்தைக் காட்டிய அன்றே, ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டும் வீட்டுக்காரர் ஊரில் கிடையாது. தனிஸ்லாஸ் ஆட்டினார். பெனிஷா அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கட்டட வடிவமைப்பாளராக அவள் தனியாக எடுத்த முதல் வீடு. கருவடிக்குப்பத்திலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "ரசனை உள்ள மனுஷன்மா" என்றாள். அந்த ரசனையைப் பற்றித் தெருவில் கேட்டிருந்தால் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பக்கத்து வீட்டு இருதயமேரி அவருடைய காலஞ்சென்ற அண்ணனின் மனைவி. முன்பு ஒரே வீடு. நடுச்சுவரை எல்லையாக வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, மாதாகோயில் பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

தனிஸ்லாஸ் தன் பாதியில் எழுப்பும் மாடிக்குப் பெனிஷா வரைந்தது காற்றில் நிற்கும் மாடிப்படி. கீழே தாங்க எதுவும் கிடையாது. பதினைந்து படியும் சுவருக்குள் செருகிய இரும்பிலிருந்து கை நீட்டினாற்போல நீளும். எந்தச் சுவரிலிருந்து என்றால், அந்த நடுச்சுவரிலிருந்து.

"படின்னா கீழ ஏதாச்சும் இருக்கணும் மேடம்" என்றார் மேஸ்திரி கலியமூர்த்தி. "இது என்னா, சர்க்கஸ்காரன் வீடா?"

"வரைஞ்சபடி செய்ங்க போதும்."

மேஸ்திரி செய்தார். முதல் துளைக்கே அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து, காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சங்கரா மீன் குழம்பில் விழுந்தது. இருதயமேரி சட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"யாருடி என் செவுத்துல ஓட்ட போடறது?"

"இது சாரோட சுவர்ம்மா…"

"எந்த சாரு? பத்திரத்தப் படிச்சியா நீ? பாதி செவுரு அவனுக்கு, பாதி எனக்கு. உன் இரும்பு எவ்ளோ தூரம் போவுது?"

பெனிஷா கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். சுவரின் கனம் ஒன்றரை அடி. அவள் இரும்பு போவது ஓரடி, பாதியைத் தாண்டிக் கால் அடி. கருவடிக்குப்பத்தில் அவள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் சந்து உண்டு. ஒரு சுவருக்கு இரண்டு சொந்தக்காரர் இருக்கக்கூடும் என்று தோன்றவேயில்லை. பத்திரத்தை அவள் கேட்கவும் இல்லை.

தனிஸ்லாஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"தெரியும். பதினஞ்சு இரும்பும் அவ பாகத்துல எறங்கும். அதுக்குத்தான உன் படத்துக்கு ஒத்துக்கினேன். அழகுக்குன்னா நெனச்ச?"

படித்த ஐந்து வருஷத்தில் பேராசிரியர் யாரும் அவளை இவ்வளவு சுருக்கமாகத் திட்டியதில்லை.

"நீங்க போடுங்க மேஸ்திரி" என்றார் தனிஸ்லாஸ்.

"போட்டுத்தான் பாருங்களேன் கொழுந்தனாரே. நாளைக்கே கோர்ட்டு" என்றார் இருதயமேரி.

மேஸ்திரி துளை போடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். பாதி தெருவுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

வக்கீலைப் பார்க்கப் போன தனிஸ்லாஸ், அந்தச் சுவரில் துளை போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். பாரிஸிலிருக்கும் மகள் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். மாடிக்குப் போக ஏதோ ஒரு படி வேண்டும். "ஒரு வாரந்தான் உனக்கு" என்றார் பெனிஷாவிடம். "இல்லன்னா புருஷோத்தமன் எஞ்சினியர் வந்து கூடத்து நடுவுல தூண் வெச்சிக் கட்டுவாரு. நீ போட்ட படி ஒண்ணும் இங்க நிக்காது."

நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை அவள். பக்கவாட்டில் பிடிக்கக்கூடாது, கீழிருந்து தாங்கினால் கூடம் பாழ். ஐந்தாம் நாள் அண்ணாந்து பார்த்தாள். மேலே புதிதாகப் போட்ட உத்தரம் தனிஸ்லாஸின் சொந்தத் தூண்கள்மேல் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து கம்பியில் படிகளைத் தொங்கவிட்டால்? சுவருக்கும் படிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"அன்னிக்கி சர்க்கஸு. இன்னிக்கி ஊஞ்சலா?" என்றார் கலியமூர்த்தி.

"ஒரே ஒரு படிய மாட்டிப் பாருங்க. தாங்கலன்னா நானே போயிடறேன்."

அவளை அனுப்பிவைக்கும் ஆசையிலேயே மேஸ்திரி சுறுசுறுப்பானார். சேதராப்பட்டுப் பட்டறையில் கம்பி வெட்டி வந்தது. படியை மாட்டி, சிமெண்ட் மூட்டை ஏற்றினார். நாலு. ஆறு. எட்டு. கம்பி அசையவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டுத் தானே ஏறிக் குதித்தார்.

"ஆடுது" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக.

"எவ்வளவு?"

"ஒரு நூலு. அரைக்கா இஞ்சு." கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "நடுப்படிய தூணோட இரும்புப் பட்டை போட்டு இழுத்துக் கட்னா நிக்கும். இதெல்லாம் படத்துல வராது."

அவள் அதைப் படத்தில் வரைந்தாள். மேஸ்திரி எட்டிப் பார்த்து, பட்டையின் அகலம் தப்பு என்றார். அதையும் திருத்தினாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் பதினைந்தும் தொங்கின. தனிஸ்லாஸ் படியைப் பார்க்கவில்லை, இடைவெளியைத்தான் பார்த்தார்.

"இத சிமெண்ட் போட்டு அடைங்க மேஸ்திரி. படி செவுத்த இடிக்கணும்."

பெனிஷா வாய் திறக்கும் முன் மேஸ்திரி திறந்தார். "அடைச்சா ஆள் ஏறி எறங்கறப்ப செவுரு வெடிக்கும்."

"அவ செவுருதான, வெடிக்கட்டும்."

"உங்க பாதியும் சேந்துதான் சார் வெடிக்கும். என் கையால அத அடைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க." கரணையைத் துடைத்துச் சாக்குக்குள் போட்டார்.

"தேங்க்ஸ் மேஸ்திரி" என்றாள் பெனிஷா மெல்ல.

"உனுக்காவ ஒண்ணும் சொல்லல. மூட்ட தூக்கி ஏத்துனவன் நானு."

சுவருக்கு அப்பாலிருந்து இருதயமேரியின் குரல் வந்தது. "என்னடி, சத்தத்தயே காணோம்? இன்னும் என்னா சதி பண்றீங்க?"

தனிஸ்லாஸ் கம்பியைப் பிடித்து, வேண்டுமென்றே ஒவ்வொரு படியிலும் ஓங்கி மிதித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். அந்தப் பக்கம் ஒரு துளி காரைகூட உதிரவில்லை. இறங்கி வந்தபோதும் கோபமாகத்தான் இருந்தார். சிமெண்ட் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

பெனிஷா டேப்பை எடுத்து, பதினைந்து படியிலும் இடைவெளியை அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். போய் வா என்று ஒருவரும் சொல்லவில்லை.