தலைமாட்டுக் கயிறு

இருபத்தைந்து ஷில்லிங், ஒரு பென்னி குறையவில்லை. கோல்ஃப் கிளப் செயலாளர் லம்ஸ்டன் உறையைச் சவப்பெட்டி மூடிமேல் வைக்கப்போனார். இஷ்பெல் கையால் மறித்தாள்.

“அங்கே வேணாம் ஐயா. மேசைமேல வைங்க.”

முப்பத்திரண்டு வருடமாக வராத ஒருநாள் கூலி. இப்போது பெட்டிக்குள் கிடக்கும் அவள் அப்பா, தாம் இம்ரி, அன்றைய இறுதிப் போட்டியில் ஒரு மேஜருக்கு மட்டைப்பை சுமந்தார். கடைசிக் குழிக்கு முன்னால் மேஜரின் மட்டை முறிந்தது. அப்பா தன்னுடைய இரும்புத்தலை மட்டையை நீட்டினார். மேஜர் ஜெயித்து, கோப்பையோடு ரயிலேறிவிட்டார். கூலி வரவில்லை. மட்டை மேஜரின் பெயரோடு கிளப் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துகொண்டது.

அங்கே கண்ணாடிப் பெட்டிகளையும் வெள்ளிக் கோப்பைகளையும் துடைப்பவள் இஷ்பெல். பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். ஒருநாள் மட்டையின் பிடித்தோல் தளர்ந்தபோது, அடியில் அப்பா சுட்டுப் பொறித்திருந்த பெயரைப் பார்த்தாள். செயலாளரிடம் காட்டினாள்.

“தோலை ஒட்டிடு,” என்றார்.

நேற்றும் துடைத்தாள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு பொருள் குறைய வைத்துப் பூட்டினாள்.

“இந்தச் சீட்டுல கையெழுத்துப் போடும்மா,” என்றார் லம்ஸ்டன் இப்போது. “ இனிமே கிளப்புக்கும் உங்களுக்கும் கணக்கு இல்லைன்னு. அப்புறம், பெட்டியைக் குழியில இறக்கும்போது தலைமாட்டுக் கயிறை நம்ம கிளப் கேப்டனே பிடிப்பார். உங்கப்பாவுக்குக் கௌரவம்.”

அப்பாவோடு பை சுமந்த கிழவர் டோட் மூலையிலிருந்து செருமினார். “உசுரோட இருந்தப்போ தாமுக்கு ஒரு குடை பிடிக்காத கை!”

“கையெழுத்தைக் குழிக்கரையில போடறேன்,” என்றாள் இஷ்பெல். “தலைமாட்டுக் கயிறு பெத்த பிள்ளைக்கு. நான் பிடிக்கிறேன்.”

“பொம்பளைங்க கல்லறைக்கு வர்ற வழக்கம் இல்லையே?”

“உங்க முன்வாசலுக்கும்தான் இல்லை. இன்னிக்குக் கல்லறைக்கு வர்றேன்.”

கடற்காற்று தொப்பிகளைப் பறித்தது. எட்டுக் கயிறு, ஏழு ஆண்கள், தலைமாட்டில் அவள். கேப்டன் வெறுங்கையோடு ஓரமாக நின்றார். பெட்டி பாதிக்குழி இறங்கியதும் அவள் கயிற்றை ஒரு சாண் விட்டாள். பெட்டி சாய்ந்தது. உள்ளே இரும்பு சறுக்கிப்போய்ப் பலகையில் இடித்தது. டொக்.

பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். லம்ஸ்டன் முகம் வெளுத்தது.

“உள்ளே... அது என்ன?”

“திறந்து பாக்கணுமா ஐயா?”

சுற்றி நின்ற, அப்பாவைப்போல் மட்டைப்பை சுமக்கும் இருபது பேரும் அவரையே பார்த்தார்கள். கேப்டன் தன் காலணியைப் பார்த்தார். லம்ஸ்டன் பாதிரியாரைத் தொடரச் சொல்லிக் கையசைத்தார்.

பெட்டி தரை தொட்டது. எட்டுப்பேரும் கயிற்றை உள்ளே போட்டார்கள்.

“இப்போ அந்தச் சீட்டைக் குடுங்க. சித்தப்பா, கொஞ்சம் குனிங்க.”

டோட்டின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கொண்டுவந்திருந்த பண உறையை அவர் சட்டைப்பையில் திணித்தாள். “இதுல எல்லாருக்கும் சாராயம் வாங்கி ஊத்துங்க. மிச்சம் வைக்காதீங்க.”

சீட்டை லம்ஸ்டனிடம் நீட்டினாள். அவள் உள்ளங்கையில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது.